மதுரைப் பக்கம் புது வீடு கட்டுவோருக்கு: எர்த் குழி, லூப் இம்பிடன்ஸ், ஆர்.சி.சி.பி. பற்றிய வழிகாட்டி

மேலூருக்கும் அழகர்கோவிலுக்கும் நடுவே நாங்கள் கட்டிய வீட்டில் குடியேறி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில், கழுவிவிட்ட சமையலறைத் தரையில் வெறுங்காலோடு நின்று ஃபிரிட்ஜைத் திறந்த அம்மா விருட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "என்னடா இது, ஃபிரிட்ஜு சுர்ருங்குது" என்றார். வயரிங் செய்த அண்ணன் பதினொரு மணிக்கு வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்தார், விளக்கு எரியவில்லை. "எர்த் வீக்கா இருக்கும் சார், குழியில ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊற்றினோம். அடுத்த நாள் காலை ஆறரை மணிக்கு மறுபடியும் அதே சுர்ரு.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரமும், புதுக் குழிகளுக்கென்று 11,400 ரூபாயும் செலவாயின. பழுது ஃபிரிட்ஜில் இல்லை. மாடிக் குளியலறைக் கீசரின் எலிமெண்டை எங்கள் போர்வெல்லின் உப்புத் தண்ணீர் அரித்து ஓட்டை போட்டிருந்தது. கீசர் ஓடும் அந்த அரை மணி நேரம் மட்டும் மின்சாரம் அதன் உடம்புக்குக் கசிந்து, எர்த் வயர் வழியாக வீட்டிலுள்ள எல்லா உலோக உடம்புக்கும் பரவியது. மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து சுற்றைத் துண்டிக்கும் எம்.சி.பி. ஒருமுறைகூட விழவில்லை, விழவும் முடியாது. அது ஏன் என்பது வீட்டுச் சொந்தக்காரருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வயரிங் வேலையைக் கட்டாயம் உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். ஆனால் எதைக் கேட்டு வாங்குவது, எதற்கு முதலில் பணம் போடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

1. உங்கள் வீட்டு எர்த் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரை எண்ணுங்கள். சிங்கிள் ஃபேஸ் என்றால் இரண்டு: ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல். த்ரீ ஃபேஸ் என்றால் நான்கு. எர்த் என்று தனியாக ஒரு வயர் அதில் இருக்காது. மதுரைப் புறநகரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் தனி வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான்: நியூட்ரலுக்கு டிரான்ஸ்ஃபார்மர் அடியில் ஓர் எர்த், நம் வீட்டுக்கு நம் வளாகத்தில் ஓர் எர்த், இரண்டுக்கும் நடுவே வெறும் மண். இந்த அமைப்புக்கு டி.டி. என்று பெயர்.

டிரான்ஸ்ஃபார்மரைத் தன் வளாகத்திலேயே வைத்திருக்கும் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால், அங்கிருந்து எர்த் கம்பி உலோகத் தொடர்ச்சியாகவே உங்கள் வீடு வரை வந்திருக்கலாம். அது டி.என். அமைப்பு. அங்கே கணக்கு வேறு, எம்.சி.பி.யே பழுதில் விழுந்துவிடும். உங்களுடையது எது என்று ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். பதில் தெரியாத ஒருவரிடம் மேற்கொண்டு வேலையைத் தராமல் இருப்பது நல்லது.

2. பழுதுச் சுற்றின் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். செலவு எதில் குறையும், உயிர் எதில் தப்பும் என்ற இரண்டுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

ஃபேஸ் வயர் ஓர் இயந்திரத்தின் உடம்பைத் தொட்டுவிட்டால், மின்சாரம் வீட்டு எர்த் வயரில் இறங்கி, எர்த் குழிக்குப் போய், மண்ணுக்குள் ஓடி, டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் வழியாக ஏறி, அதன் சுருள்களைக் கடந்து, மீண்டும் ஃபேஸ் வயரில் நம் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். இந்த முழு வளையத்திலும் உள்ள தடையின் கூட்டுத்தொகைதான் எர்த் லூப் இம்பிடன்ஸ். இது குறைவாக இருந்தால் பழுது மின்னோட்டம் பெரிதாகும், எம்.சி.பி. விழும். அதிகமாக இருந்தால் மின்னோட்டம் சிறுத்து, எம்.சி.பி. அதை இன்னொரு சாதாரணச் சாமான் ஓடுவதாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும்.

எங்கள் வீட்டு எண்களையே தருகிறேன். வைகாசியில் அளந்தபோது குழியின் தடை 85 ஓம். லூப் மீட்டர் காட்டியது 88 ஓம். 230 வோல்ட்டை 88 ஆல் வகுத்தால் 2.6 ஆம்பியர். கீசர் எடுப்பது 8.7 ஆம்பியர். இரண்டையும் கூட்டினால் 11.3. அந்தச் சுற்றில் இருந்ததோ 16 ஆம்பியர் எம்.சி.பி. அது ஏன் விழப் போகிறது? சி வகை எம்.சி.பி. கண நேரத்தில் விழ வேண்டுமானால் அதன் அளவைப்போல 10 மடங்கு, அதாவது 160 ஆம்பியர் ஓட வேண்டும். அதற்கு லூப் தடை 1.44 ஓமுக்குள் இருக்க வேண்டும். பி வகை 5 மடங்கில் விழும், அதற்கு 2.87 ஓம் போதும். மண்ணில் நட்ட ஒரு குழாயை நம்பி இந்த எண்களை எட்டுவது எங்கள் பக்கத்துப் பாறை நிலத்தில் நடக்காது.

இனி ஆபத்தான பாதியைப் பாருங்கள். 2.6 ஆம்பியர் 85 ஓமில் ஓடும்போது குழியின் மேல் விழும் மின்னழுத்தம் ஏறத்தாழ 222 வோல்ட். அந்தக் குழியோடு இணைந்த ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், மோட்டார் பெட்டி எல்லாவற்றின் உடம்பிலும் அதே 222 வோல்ட் நிற்கிறது. உலர்ந்த இடத்தில் 50 வோல்ட் வரைதான் தொட்டால் பொறுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். எங்கோ ஒரு மூலையில் கீசர் கெட்டால், நன்றாக இருக்கிற ஃபிரிட்ஜ் அடிக்கிறது. பழுதை வீடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது எர்த் வயர்தான்.

குழியைச் செப்பனிட்டால் சரியாகாதா என்று நானும் நினைத்தேன். புதிதாக இரண்டு குழாய் இறக்கி, பழையதோடு சேர்த்து 28 ஓமுக்குக் கொண்டுவந்தோம். லூப் 31 ஓம், பழுது மின்னோட்டம் 7.4 ஆம்பியர், உடம்பில் மின்னழுத்தம் 208 வோல்ட். 11,400 ரூபாய்க்குக் குறைந்தது 14 வோல்ட். கீசரின் 8.7 ஆம்பியரோடு சேர்த்தால் 16.1, இதற்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 3 ஓம் என்று வைத்துக்கொண்டால், தொடு மின்னழுத்தத்தை 50 வோல்ட்டுக்குள் கொண்டுவர நம் குழி 0.83 ஓமாக இருக்க வேண்டும். துணைமின் நிலையத்துக்குச் செய்கிற வேலையை வீட்டுக்குச் செய்தால்தான் அது கிடைக்கும்.

ஆகவே டி.டி. அமைப்பில் பழுதைத் துண்டிக்கும் வேலை ஆர்.சி.சி.பி.யுடையது. ஃபேஸில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்பதை மட்டும் அது பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே துண்டித்துவிடும். குழியின் தடையை 0.03 ஆம்பியரால் பெருக்கினால் 50 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதன்படி கணக்கில் 1,667 ஓம் வரை இடம் இருக்கிறது. எங்கள் பழைய 85 ஓம் குழியில்கூட 2.55 வோல்ட்டிலேயே துண்டித்திருக்கும். 2,300 ரூபாய்க் கருவியை முதல் நாளே வாங்கியிருந்தால் அம்மா இரண்டாம் முறை அந்த அடியை வாங்கியிருக்க மாட்டார். கீசரை ஓடவிட்டுத் தம்பி அதன் கீழேயே மூன்று வாரம் குளித்துக்கொண்டிருந்தான் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் பதறுகிறது.

3. குழியை எங்கே, எப்போது, எவ்வளவு ஆழத்தில் எடுப்பது

ஆர்.சி.சி.பி. இருந்தாலும் குழி வேண்டும். பழுது வந்த நொடியிலேயே மின்சாரம் கசிந்து போக அதுதான் வழி. வழி இல்லாவிட்டால் சாமானின் உடம்பைத் தொடுகிற மனிதர் அந்த வழியாவார். கருவி அதன் பிறகுதான் துண்டிக்கும்.

தடையைத் தீர்மானிப்பது மண். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அங்கே ஒரே குழாயில் நல்ல அளவு கிடைத்துவிடும். ஆனால் கோடையில் கரிசல் வெடித்துக் குழாயைவிட்டு விலகும் என்பதால், குழாயைச் சுற்றிப் பெண்டோனைட் களிமண் போடச் சொல்லுங்கள். மேலூர், கொட்டாம்பட்டி, அழகர்மலை அடிவாரம் போன்ற செம்மண்ணும் சரளையும் கருங்கல்லும் உள்ள இடங்களில் ஒரு குழாய் போதாது.

ஒரு சிறு கணக்கு உங்களுக்கு உதவும். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை 2.5 மீட்டர் ஆழம் இறக்கினால், மண்ணின் தன்தடை, அதாவது மின்சாரத்துக்கு அந்த மண் காட்டும் எதிர்ப்பு, 100 ஓம் மீட்டராக இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 33 ஓம் வரும்; 500 ஆக இருக்கும் இடத்தில் 166 ஓம். அதே முதல் இடத்தில் குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் 29 ஓம்தான். நீளத்தை இரட்டிப்பாக்கினால் 19 ஓம். தடிமனான குழாய், அகலமான செம்புத் தகடு என்று கடையில் சொல்வதை நம்பிப் பணம் போடாமல், ஆழத்துக்குப் போடுங்கள். ஆழம் போக முடியாத பாறையாக இருந்தால் இரண்டு குழாய்களை அவற்றின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் இறக்கி இணைக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் இறக்கினால் இரண்டாவது குழாயின் காசு வீண்.

அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி எடுங்கள். வளாகத் தரைக்குக் கல் பதிப்பதற்கு முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். கல் பதித்த பிறகு உடைத்துத் தோண்டியதில் எனக்குக் கொத்தனார் கூலி தனியாகப் போனது. குழாய்த் தலையில் கம்பி சேரும் போல்ட்டை மண்ணில் புதைத்துவிடாமல், மூடி போட்ட சிறு தொட்டிக்குள் வையுங்கள். எங்கள் பழைய குழியில் எட்டு கேஜ் ஜி.ஐ. கம்பியை வெறுமனே நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டி, மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். தோண்டிப் பார்த்தபோது கம்பி துருவேறி, கையால் இழுத்ததும் அவிழ்ந்து வந்தது.

உப்பும் கரியும் அடுக்கடுக்காகப் போடும் வழக்கம் தடையைக் குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் உப்பு இரண்டு மூன்று மழையில் கரைந்துபோகும். இருக்கும்வரை குழாயையும் அரிக்கும். உப்புக் குழி என்றால் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டிய குழி என்று பொருள். செலவுக்கு ஒரு மதிப்பு வேண்டுமானால், எங்கள் பக்கத்தில் ஒரு குழிக்குக் குழாய், பொருள், கூலி எல்லாம் சேர்த்து 5,700 ரூபாய் கொடுத்தேன்; பாறையில் துளை போட வேண்டியிருந்தால் கூடும்.

4. பல்பை நம்பாதீர்கள், மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்

எர்த் நன்றாக இருக்கிறது என்பதற்கு நம்மூரில் காட்டும் சாட்சி ஒரு 100 வாட் குண்டு பல்பு. ஒரு முனையை ஃபேஸிலும் மறு முனையை எர்த்திலும் வைத்து, "பாருங்க சார், பளிச்சுன்னு எரியுது" என்பார்கள். எரியும்போது அந்தப் பல்பின் தடை 529 ஓம். எங்கள் 88 ஓம் லூப்பில்கூட அதற்கு 197 வோல்ட் கிடைக்கும். நன்றாகவே எரியும். வீடு குடிபுகும் முன் இந்தச் சோதனையை என் கண் முன்னால்தான் செய்து காட்டினார்கள். நானும் திருப்திப்பட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அளப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. எர்த் டெஸ்டர் கொண்டு குழியை மட்டும் அளப்பது ஒன்று. எர்த் மெகர் என்றாலும் இதுதான். குழிக் கம்பியைக் கழற்றிவிட்டு, 30 முதல் 40 மீட்டர் தள்ளி ஒரு முளையும், அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 62 சதவீதத்தில் இன்னொரு முளையும் அடித்து அளப்பார்கள். கம்பியைக் கழற்றும் முன் மெயினை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் வீடு அந்த நேரம் எர்த் இல்லாமல் ஓடும். இடம் நெருக்கமான தெருக்களில் முளை அடிக்க முடியாது. அங்கே இரண்டாவது வழி: லூப் இம்பிடன்ஸ் டெஸ்டரை மூன்று பின் சாக்கெட்டில் சொருகினால் முழு வளையத்தின் தடையையும் காட்டிவிடும். அதில் பெரும்பங்கு உங்கள் குழியுடையது. ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில், அதை விழவைக்காத முறைக்கு மீட்டரை மாற்றி அளக்க வேண்டும்.

எங்களுக்கு அளந்து தந்தவர் கப்பலூர்த் தொழிற்பேட்டையில் பராமரிப்பு வேலை பார்ப்பவர். வந்து போக 1,500 ரூபாய் வாங்கினார். காலை ஆறரைக்கே வரச் சொன்னது நான் செய்த ஒரே நல்ல காரியம். கீசரைப் போட்டதும் ஃபிரிட்ஜ் உடம்பில் மின்னழுத்தம் ஏறியது, நிறுத்தியதும் இறங்கியது. மூன்று வாரப் புதிர் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. உங்கள் வீட்டிலும் சுர்ரு என்று வந்தால், எந்த நேரத்தில் வருகிறது, அப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதிவைத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அளக்கச் சரியான காலம் சித்திரை, வைகாசி. ஐப்பசி மழையில் அளந்து 20 ஓம் என்று எழுதித் தந்த குழி, அக்னி நட்சத்திரத்தில் பல மடங்கு ஏறியிருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் கருவிக்குக் கணக்கு 1,667 ஓம் வரை இடம் தந்தாலும், 200 ஓமைத் தாண்டிய குழி நிலையாக இருக்காது. கோடையில் 100 ஓமுக்குள் வைத்துக்கொள்வது என் சொந்த அளவுகோல்.

5. ஆர்.சி.சி.பி. வாங்கும்போது

டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் இன்னும் பலர் இதை ஈ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள். பெயர் எதுவாக இருந்தாலும், உடம்பில் ஐ.எஸ். 12640 என்ற தர எண்ணும் 30 மில்லி ஆம்பியர் என்ற அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 மில்லி ஆம்பியரிலும் கிடைக்கும். அவை தீ விபத்துக்கும் மெயின் பாதுகாப்புக்கும் ஆனவை, மனித உயிருக்கு அல்ல. 30 மில்லி ஆம்பியருக்குப் பதிலாக அவற்றை எடுத்துவிடாதீர்கள்.

நெளிகோடு ஒன்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது ஏ.சி. வகை. அதன் கீழே அரைவட்டத் துடிப்புகளும் இருந்தால் ஏ வகை. இன்வெர்ட்டர் ஏசி, புது மாதிரி வாஷிங் மெஷின் எல்லாம் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஏ வகையே வாங்குங்கள்.

ஆர்.சி.சி.பி. கசிவை மட்டும் பார்க்கும். அதிக லோடையும் ஷார்ட்டையும் எம்.சி.பி.தான் பார்க்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் ஆம்பியர் அளவு மெயின் எம்.சி.பி.யின் அளவுக்குக் குறையக் கூடாது. 40 ஆம்பியர், இரண்டு துருவம், 30 மில்லி ஆம்பியர், ஏ வகைக்கு நான் கொடுத்தது 2,300 ரூபாய். வீடு முழுவதற்கும் ஒன்றே போட்டால் சட்டப்படி சரிதான்; ஆனால் நள்ளிரவில் மோட்டார் கேபிள் கசிந்தால் வீடே இருண்டுவிடும். போர்வெல் மோட்டாருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது ஃபிரிட்ஜ் நிற்கக் கூடாது என்றால் அதற்கு மட்டும் எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. ஒன்று போடலாம். இவற்றுக்கெல்லாம், எம்.சி.பி.க்களை வரிசையாகப் பொருத்தும் டி.பி. பாக்ஸில் இடம் வேண்டும். ஆகவே சுவரில் காடி வெட்டும் முன்பே, தேவைக்கு மேல் நான்கு இடம் கூடுதலான பெட்டியாகச் சொல்லிவிடுங்கள்.

6. வயரிங்கில் நடக்கும் மூன்று தவறுகள்

முதலாவது, நியூட்ரலையும் எர்த்தையும் இணைப்பது. "நியூட்ரலோட சேத்துவிட்டா எம்.சி.பி. டக்குன்னு விழும் சார், செலவே இல்ல" என்று எங்களிடமும் ஒருவர் சொன்னார். விழும் என்பது உண்மை. அதனால்தான் பலர் இதற்கு இணங்கிவிடுகிறார்கள். ஆனால் காற்றிலோ மழையிலோ கம்பத்து நியூட்ரல் அறுந்தால், வீட்டில் எரிந்துகொண்டிருக்கும் ஏதோ ஒரு பல்பின் வழியாக ஃபேஸ் மின்சாரம் நியூட்ரலுக்கு வந்து, அந்த இணைப்பின் வழியாக எல்லா உலோக உடம்புக்கும் ஏறிவிடும். எந்தப் பழுதும் இல்லாத சாமான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்க்கொல்லிகளாகும். எம்.சி.பி. அதைப் பார்க்கவே பார்க்காது. இப்படி ஓர் இணைப்பு உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் திடீரென்று ஏறி இறங்கி, விளக்குகள் பளிச்சிட்டு மங்கினால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். மெயினை நிறுத்திவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள்.

இரண்டாவது, நியூட்ரல்களைக் கலப்பது. இரண்டு ஆர்.சி.சி.பி. போட்ட வீட்டில், ஒன்றின் ஃபேஸில் எரியும் விளக்குக்கு மற்றதன் நியூட்ரலைப் பக்கத்துப் போர்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த விளக்கைப் போட்டதும் கருவி விழும். இன்வெர்ட்டர் வைக்கும்போதும் இதே கலப்புத்தான் நடக்கிறது. உடனே "ஆர்.சி.சி.பி. ஓவர் சென்சிட்டிவ் சார்" என்று சொல்லி அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிட்டுப் போவார்கள். பெட்டியில் கருவி நிற்கும், பாதுகாப்பு இருக்காது. ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.க்கும் தனி நியூட்ரல் பார் (நியூட்ரல் வயர்கள் வந்து சேரும் உலோகப் பட்டை) இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஐந்து ஆம்பியர் சாக்கெட்டுக்கும் லைட் பாயிண்டுக்கும் எர்த் வயர் இழுக்காமல் விடுவது. பச்சை வயர் எல்லாப் பாயிண்டுக்கும் போக வேண்டும். பூச்சு வேலைக்கு முன்னால், ஒவ்வொரு பெட்டியிலும் பச்சை வயர் தெரிகிற மாதிரி செல்பேசியில் படம் எடுத்துவையுங்கள்.

7. ஒப்படைக்கும் நாளில் செய்ய வேண்டிய சோதனைகள்

மெயினை நிறுத்தி, 500 வோல்ட் மெகரில் வயர்களின் இன்சுலேஷனை அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. பிறகு ஒவ்வொரு சாக்கெட்டிலும் லூப் அளவு. ஒரு சாக்கெட் மட்டும் மற்றவற்றைவிடப் பல ஓம் அதிகம் காட்டினால், அங்கே எர்த் வயர் தளர்ந்திருக்கிறது என்று பொருள். வீட்டுக்குள்ளான வயரின் தடை அரை ஓமைத் தாண்டுவது அரிது. கடைசியாக ஆர்.சி.சி.பி. டெஸ்டர்: 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி விநாடிக்குள்ளும், 150 மில்லி ஆம்பியரில் 40 மில்லி விநாடிக்குள்ளும் விழ வேண்டும்.

கருவியின் முகத்தில் உள்ள டெஸ்ட் பொத்தானை மட்டும் அழுத்திக் காட்டி முடித்துவிடுவார்கள். அந்தப் பொத்தான் கருவிக்குள்ளேயே ஒரு சிறு கசிவை உண்டாக்குகிறது. எர்த் வயர் அறவே இல்லாத வீட்டிலும் அது விழும். கருவி உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. உங்கள் குழிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

8. தாள்கள், கட்டணம், நாள் கணக்கு

புது இணைப்புக்கு மின்வாரிய இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது, இடம் உங்களுடையது என்பதற்கான பத்திரம் அல்லது சொத்துவரி ரசீது, அடையாளச் சான்று, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் தரும் வயரிங் நிறைவு அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், காப்புத்தொகை, மீட்டர் வைப்புத்தொகை என்று பல தலைப்புகளில் பணம் கட்ட வேண்டியிருக்கும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆர்.சி.சி.பி. பொருத்துவதை வாரியமே வலியுறுத்துகிறது.

நிறைவு அறிக்கை பல நேரம் குழியைப் பார்க்காமலேயே நிரப்பப்படுகிறது. எங்களுடையதில் எர்த் தடை "2 ஓம்" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. ஆகவே அரசுக்குப் போகிற தாளைத் தவிர உங்களுக்கென்று இன்னொரு தாள் கேளுங்கள்: ஒப்பந்தக்காரரின் உரிம எண், குழியின் தடை, அளந்த தேதி, மீட்டரின் பெயர், லூப் அளவுகள், ஆர்.சி.சி.பி. விழுந்த நேரம், கையெழுத்து. கூலியில் கடைசித் தவணையை இந்தத் தாள் கைக்கு வரும்வரை நிறுத்திவைப்பதாக வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

நாள் கணக்கு என்று பார்த்தால், குழி எடுத்து மூட ஒரு நாள், இறுகி அமைய இரண்டு வாரம், அளக்கவும் சோதனை செய்யவும் அரை நாள் போதும். கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய வாரத்துக்கு இதைத் தள்ளாதீர்கள். அந்த வாரத்தில் யாரும் எதையும் அளக்க மாட்டார்கள்.

9. குடியேறிய பிறகு

மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். எங்கள் வீட்டில் அமாவாசைக்கு வீடு கழுவும் நாளில் அம்மாவே அழுத்திவிடுவார். வருடத்துக்கு ஒருமுறை, அக்னி நட்சத்திரத்தில், தொட்டி மூடியைத் திறந்து போல்ட்டைப் பார்த்து, குழியை அளந்து, அதே தாளில் அடுத்த வரியாக எழுதுங்கள்.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, கருவியை ஏற்றி, ஒவ்வொன்றாக மேலே தூக்குங்கள். எதைத் தூக்கியதும் விழுகிறதோ அந்தச் சுற்றில் பழுது. எல்லாம் இறக்கியிருந்தும் விழுந்தால், எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஒற்றைத் துருவ எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. அப்போது சாமான்களின் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். கீசர், மோட்டார், தண்ணீர் படும் கிரைண்டர் ஆகியவை நான் முதலில் சந்தேகப்படுபவை.

10. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

மாசி வீதிகளுக்குள் இருக்கும் பழைய வீடுகளில் குழி எடுக்க மண்ணே இருக்காது. மூன்றாவது பின் துளை வெறும் துளையாக நிற்கும். அங்கேயும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தலாம். எர்த் இல்லாததால் பழுது வந்த நொடியில் அது விழாது. ஒருவர் தொட்டு, அவர் உடம்பின் வழியாகக் கசியும்போதுதான் விழும். ஓர் அடி விழும், ஆனால் மிகப் பெரும்பாலும் உயிர் தப்பும். வீட்டுக்காரரிடம் செலவைப் பேசும்போது, கருவியை மீட்டருக்கு அடுத்த பெட்டியில் வைக்க அரை நாள் வேலைதான் என்றும், காலி செய்யும்போது அதை அங்கேயே விட்டுப் போவதாகவும் சொல்லிப் பாருங்கள். அவர் மறுத்தால், கீசரும் கிரைண்டரும் ஓடும் சுற்றுக்கு மட்டுமாவது உங்கள் செலவில் ஓர் ஆர்.சி.பி.ஓ. போட்டுக்கொள்ளுங்கள். போடும்வரை, குளிக்கப் போகும் முன் கீசர் சுவிட்சை நிறுத்திவிட்டு, பிறகு குழாயைத் திறங்கள்.